சரல் மண்ணில் செங்காந்தள் வளர்க்க

எங்கள் விளையில், அதாவது வீட்டையொட்டிய தோட்ட நிலத்தில், மண்வெட்டி போட்டால் மண்ணுக்கு முன்னால் கல்தான் பதில் சொல்லும். குமரி மாவட்டம் தோவாளையில் பொற்றையை, சிறு குன்றை, ஒட்டி வீடு இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். பிச்சி, மல்லி, கேந்தி, அரளி என்று சந்தைக்குப் போகிற பூவெல்லாம் கீழே நல்ல மண்ணில் விளைகிறது. மேலே கிடக்கிற சரலில், சரளைக் கல் மண்ணில், என்ன வைப்பது என்று தெரியாமல் பலரும் லோடு லோடாகச் செம்மண் அடித்துக் கொட்டுகிறார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன்னால் செங்காந்தளை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பூக்கட்டுகிற குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மாலைக்கு ஆகாத, சந்தைக்குப் போகாத இந்தப் பூவைத்தான் எங்கள் விளையில் எல்லாவற்றையும்விட ஆசையாக வைத்திருக்கிறேன்.

மலைச்சரிவிலும் புதரோரத்திலும் கல்லிடுக்கிலும் மழை கண்டதும் தானாக முளைத்து ஏறுகிற கொடி இது. கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதே செடிதான். மலையாளம் பேசுகிற வீடுகளில் மேந்தோன்னி என்பார்கள். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துப் பூவாகத் திரும்பத் திரும்ப வருகிற காந்தளும் இதுதான். ஆறு இதழ்; விளிம்பு நெளிந்து, பின்பக்கமாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கத் தொடங்கும், அடியில் மட்டும் மஞ்சள் தங்கும், கடைசியில் பூ முழுக்கச் சிவந்துவிடும். பூக்கிற நாட்களில் ஒரே கொடியில் எல்லா நிறத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அது ஒன்றுக்காகவே வளர்க்கலாம் என்பேன்.

நடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் செடி முழுக்க விஷம். கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கொல்ச்சிசின் என்கிற பொருள்தான் காரணம். மருத்துவர் அளந்து கொடுத்தால் கவுட் எனப்படும் மூட்டுவீக்க நோய்க்கு மருந்து. அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். ஆனால் கிழங்கைத் தெரியாமல் தின்றால் முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தி, கடுமையான வயிற்றுப்போக்கு, அதன்பின் உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டு உயிரே போய்விடலாம். இதற்கென்று முறிமருந்து மருத்துவமனைகளில் இருப்பதில்லை. யாராவது தின்றிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழைத்து, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரிப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கைப்பிள்ளை, தவழ்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்கள் சொன்னால் கேட்கிற வயது வரும்வரை பொறுத்திருங்கள். ஆடு அவிழ்த்துவிட்டு மேய்கிற விளையிலும் வேண்டாம். கிழங்கைத் தொட்டு வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இத்தனையும் செய்ய முடிகிறவர்கள் பயமில்லாமல் வளர்க்கலாம். அரளியும் விஷம்தான், அதோடு நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகி வரவில்லையா?

கிழங்குக்காக மலையேறாதீர்கள். மருந்துக்கென்று தோண்டித் தோண்டியே பல இடங்களில் காட்டுக் காந்தள் அருகிவிட்டது. காப்புக்காட்டுக்குள் போய்த் தோண்டுவது சட்டப்படி குற்றமும்கூட. பயிரிடுகிற விவசாயிகளிடமோ, மூலிகைச் செடி வைத்திருக்கிற நாற்றங்காலிலோ வைகாசி, ஆனியில் கேளுங்கள். அப்போதுதான் கிழங்கு உறக்கம் கலையத் தொடங்கும்.

வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். கிழங்கு நடுவில் மடங்கி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைக்கண். அந்தக் கண்தான் எல்லாம். கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் நுனிக்கண் ஒடிந்திருந்தால் முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல இதற்கு உடம்பெல்லாம் கண் கிடையாது. அதோடு கிழங்கு சட்டென்று ஒடிகிற சாதி. பைக்குள் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தால் வீடு வருவதற்குள் பாதிக் கண் போயிருக்கும். வைக்கோலிலோ காய்ந்த மணலிலோ கிடத்திக் கொண்டுவாருங்கள். நடுகிற துண்டு 50 முதல் 60 கிராம் வரை இருந்தால் முதல் வருஷமே பூ எதிர்பார்க்கலாம். சின்னக் கிழங்கும் முளைக்கும், ஆனால் அந்த வருஷம் இலையோடு நின்றுவிடக்கூடும். தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால், புளித்த வாடை வந்தால், விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

இனி இடம். காந்தளைப் பொறுத்தவரை நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செடி காய்ந்து சாவதைவிடக் கிழங்கு அழுகிச் சாவதுதான் அதிகம். மழைக்காலத்தில் தண்ணீர் கிழங்கைத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும், நிற்கக் கூடாது. கல்லும் சரலும் கலந்த மண் அந்த வேலையைத் தானாகச் செய்கிறது. அதனால்தான் மற்ற பூவுக்கு ஆகாத நிலம் இதற்கு ஆகிறது. களிமண் சேர்ந்த வயல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் இருக்கிற நன்மையையும் கெடுத்ததாகத்தான் ஆகும்.

ஆனால் கல் நிலம் எல்லாம் ஒன்றல்ல. மேலே சரலாகத் தெரிந்தாலும் ஒரு முழத்துக்குக் கீழே விரிந்த பாறை படுத்துக் கிடக்கும். அதன் மேல் பள்ளமாக இருந்தால் மழைத் தண்ணீர் அங்கே குளம்போலத் தங்கிவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிறைத்துப் பாருங்கள். இரண்டாவது தண்ணீரும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் நல்ல இடம். அடுத்த வேளைவரை தண்ணீர் நின்றால் கீழே பாறை இருக்கிறது என்று அர்த்தம். இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சுற்றிப் பொறுக்கிய கல்லையே கையாலையாக அடுக்கி, உள்ளே ஒரு அடி உயரத்துக்கு மேடு போட்டு அதில் நடுங்கள். குழிக்கு அடியில் ஜல்லி போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாறைக் கிண்ணத்துக்குள் ஜல்லி போட்டாலும் தண்ணீர் எங்கே போகும்? மேடுதான் வழி.

குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் இருக்கிறவர்கள் மேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் மழை எங்களைவிட நிறையப் பெய்யும். வெட்டுகல் மண் நல்லதுதான். ரப்பர் மரத்தடி நிழல் மட்டும் ஆகாது. காலை முதல் மதியம்வரை வெயில் படுகிற இடம், பின்னேரம் கொஞ்சம் நிழல் விழுந்தால் நல்லது. வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் இருந்தால் காந்தளுக்கு அதைவிட வேண்டியதில்லை. புதருக்குள் முளைத்து வெளியே தலைநீட்டுகிற செடியாயிற்றே.

எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு: காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்றைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பந்தலில் காற்றாலை நிரை நிரையாக நிற்பதே அதை நம்பித்தான். காந்தள் தண்டு உள்ளே நீர் நிறைந்த இளந்தண்டு, கீழே ஒடிந்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். அதே கிழங்குக் கண்ணிலிருந்து இன்னொரு தண்டு வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே வீட்டுச் சுவர், கையாலை, பெரிய பாறை எது இருந்தாலும் அதற்குக் கிழக்குப் பக்கமாக நடுங்கள். மேற்கிலிருந்து வருகிற காற்றைக் கல் வாங்கிக்கொள்ளும், காலை வெயில் செடிக்குக் கிடைக்கும். எங்கள் விளையில் ஆள் உயரப் பாறை ஒன்றின் கிழக்கே இருக்கிற கொடிகள்தான் ஒவ்வொரு வருஷமும் முதலில் பூக்கின்றன.

குழி ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம் இருந்தால் தாராளம். கம்பிப்பாரை போட்டுப் பெரிய கல்லை மட்டும் நெம்பி எடுங்கள். கைப்பிடிக்குள் அடங்குகிற கல்லெல்லாம் உள்ளேயே கிடக்கட்டும், அவற்றைச் சலித்து எறிய வேண்டியதில்லை. தோண்டின சரல் மண் இரண்டு கடவம் (ஓலைக்கூடை), நன்றாக மக்கின இலைமக்கு ஒரு கடவம், பழைய சாணித்தூள் அரைக் கடவம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு என்று கலந்து நிரப்புங்கள். சாணி பழையதாக, மண் வாசனை வருகிற அளவுக்கு மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணி போட்டால் கிழங்கு நிச்சயம் கெடும். தென்னைக்குச் செய்கிற மாதிரி அடியில் கதம்பை (தேங்காய் மட்டை) புதைப்பது, தென்னை நார்க்கழிவு கலப்பது இரண்டையும் இதற்குச் செய்யாதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கிற சாமான்கள். ஐப்பசி அடைமழையில் கிழங்குக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

நடுகிற காலம் ஆனி பாதியிலிருந்து ஆடி முடிய. நடுவதற்கு முன் இரண்டு கையும் சேருகிற இடத்தில் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக நடலாம். வெட்டுவாயைச் சாம்பலில் தொட்டு ஒரு நாள் நிழலில் ஆறவிடுங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கிற டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கிழங்கின் மேல் பூசி நட்டால் அழுகல் பூஞ்சைக்கு நல்ல காவல். கிழங்கை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவாக்கில் கிடத்தி, கண் லேசாக மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மேலே மூன்று அங்குலம் மண் போதும். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். மண்ணை மிதித்து இறுக்காமல் கையால் அணைத்துவிட்டு, ஒரு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். முளை மண்ணுக்கு மேலே வர மூன்று வாரமும் ஆகலாம், ஒரு மாதம் தாண்டியும் போகலாம். என்ன ஆச்சு என்று கிளறிப் பார்க்கத் தோன்றும். கிளறினால் முளைதான் ஒடியும், தொடாதீர்கள்.

நட்ட அன்றே பற்றுக்கொம்பையும் ஊன்றிவிடுங்கள். முளைத்த பிறகு குத்தினால் கிழங்கில் குத்தும். காந்தள் தண்டு தானாகச் சுற்றி ஏறுகிற வகை அல்ல. இலை நுனிதான் நீண்டு சுருண்டு பிடிக்கிறது. அது ஒரு பென்சில் கனத்துக்கு மேல் எதையும் சுற்றிப் பிடிக்க முடியாது. தடி மூங்கிலை நட்டுவிட்டு ஏற மாட்டேன் என்கிறதே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. பல்கிளையோடு காய்ந்த சுள்ளிக் கொப்பு நடுங்கள், அல்லது இரண்டு கம்புக்கு இடையே மெல்லிய தென்னங்கயிறைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். என்னைக் கேட்டால் விராலிச் செடிதான் எல்லாவற்றிலும் மேல். அதுவும் வறண்ட கல் நிலத்துச் செடிதான், தண்ணீர் கேட்காது, காற்றுக்கு வளையும், கிளை மெல்லியது. பயிரிடுகிற விவசாயிகளும் விராலியையும் கிளுவையையும் காந்தளுக்குத் துணைச்செடியாக வைப்பது உண்டு. ஒரு வருஷம் முன்னாலேயே விராலி நட்டுவைத்துவிட்டு, அதன் அடியில் கிழங்கு வைத்தால் நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம். ஆறடி, எட்டடி ஏறி விராலிக்கு மேலே பூவாக நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் கை அடக்கமாக இருங்கள். சாரல் விழுகிற நாட்களில் ஒன்றும் தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் எங்கள் கீழ்ப்பக்கம் மழை விட்டுவிடும். அப்போது ஐந்து நாளைக்கு ஒரு தடவை அடிமண் நனையும்படி விட்டால் போதும். பூ மொட்டு வைக்கிற நேரம் மட்டும் காயவிடாதீர்கள், மொட்டு கருகிவிடும். வடகிழக்கு மழை தொடங்கியதும் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் எங்கும் தேங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கொடி முழங்கால் உயரம் வந்ததும் ஒரு தடவை, மொட்டு வைக்கும்போது ஒரு தடவை, இரண்டு கை மக்கின தொழுவுரம் அடியில் தூவினால் நல்லது. யூரியா போட்டால் இலை தழைத்துத் தண்டு இன்னும் மெலிந்துவிடும்.

பூச்சிகளில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியாக ஒரு புழு மழைக்காலத்தில் வரும். காந்தள், லில்லி இனங்களையே தின்று வாழ்கிற புழு அது. மனிதரைக் கொல்கிற விஷம் அதை ஒன்றும் செய்வதில்லை. விட்டால் சில நாட்களில் இலை முழுவதையும் மொட்டையாக்கிவிடும். இலை போனால் கிழங்கு பருக்காது, கிழங்கு பருக்காவிட்டால் அடுத்த வருஷம் பூ இல்லை. காலையில் இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதுவே போதும். நிறைய வந்துவிட்டால் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து பின்னேரம் தெளிக்கலாம். கொடி திடீரென்று மஞ்சளித்துச் சாய்ந்தால் புழு அல்ல, கிழங்கு அழுகல். அந்தக் கிழங்கைச் சுற்று மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், பக்கத்துக் கிழங்குக்குப் பரவும்.

புரட்டாசிக் கடைசியில் தொடங்கிக் கார்த்திகைவரை பூ இருக்கும். ஒரு பூ ஒரு வாரம்போலச் செடியில் நிற்கும். ஜாடியில் வைக்க ஆசைப்பட்டால் பூவைக் காம்போடு மட்டும் எடுங்கள், தண்டையும் இலையையும் சேர்த்து வெட்டாதீர்கள். விதை வேண்டுமென்றால் நீங்களே மகரந்தம் தொட்டுவிட வேண்டியிருக்கும். சூல்தண்டு பூவின் அடியிலிருந்தே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் தன் மகரந்தம் தனக்குச் சேருவது குறைவு. காலை எட்டு மணிக்கு மேல் பதினொரு மணிக்குள், ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து வேறொரு கொடியின் சூல்முடியில் தடவுங்கள். காய் பச்சையாகப் பருத்து, முற்றும்போது மூன்றாகப் பிளந்து உள்ளே சிவப்பு விதை வரிசையாகத் தெரியும். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கிற அந்த விதைதான் பிள்ளைகளை இழுக்கும். பிளப்பதற்கு முன்பே காயைப் பறித்து, துணிப்பையில் கட்டி உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். விதை வேண்டாதவர்கள் பூ வாடியதும் காம்பைக் கிள்ளிவிட்டால் கிழங்குக்கும் நல்லது.

மார்கழியில் கொடி மஞ்சளித்துக் காயும். "மக்ளே, கொடி காஞ்சு போச்சே, பிடுங்கிப் போட்டுரட்டா?" என்று எங்கள் அத்தை வருஷா வருஷம் கேட்பார். பிடுங்கக் கூடாது. காய்வதற்கு முந்தைய வாரங்களில்தான் இலையில் இருக்கிற சத்தெல்லாம் கீழே இறங்கிப் புதுக் கிழங்கு முற்றுகிறது. ஆனியில் நட்ட பழைய கிழங்கு அதற்குள் சக்கையாகச் சுருங்கியிருக்கும், அதன் இடத்தில் புதிதாக இரு கைக் கிழங்கு உருவாகியிருக்கும். தண்டு முழுக்கக் காய்ந்து லேசாக இழுத்தாலே கழன்று வந்தால் அப்போது எடுத்துப் போடுங்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளக் கல் வையுங்கள். தையிலிருந்து வைகாசிவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். பக்கத்தில் கத்தரியோ கீரையோ போட்டுத் தினம் தண்ணீர் விடுகிற பாத்திக்கு அருகே காந்தள் இருந்தால் இந்த உறக்கம் கெடும். அதனால்தான் இதற்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கச் சொல்கிறேன். இடையில் பெய்கிற கோடை மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சரல் அதை நிறுத்தி வைக்காது.

வடிகால் நன்றாக இருந்தால் கிழங்கை வருஷா வருஷம் தோண்ட வேண்டியதே இல்லை. நெருக்கமாகிப் பூ குறையும்போது மட்டும் மாசியில் தோண்டிப் பிரியுங்கள். கைக்களைக்கொத்தியால் ஒரு முழம் தள்ளியே தொடங்கி, கடைசி மண்ணை விரலால் விலக்குங்கள். நுனிக்கண் பத்திரம். விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும்: விதை ஒன்றுபோல முளைக்காது, மாதக் கணக்கில் ஒவ்வொன்றாக வரும், பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். ஆனால் காட்டைத் தொடாமல் செடியைப் பெருக்குகிற நல்ல வழி அது. மணல் கலந்த சரலில், வெயில் பாதி விழுகிற தொட்டியில் போட்டு, பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள்.

தோண்டின கிழங்கைக் காய்ந்த மணலில் புதைத்து, காற்றோட்டமான நிழலில் ஆனிவரை வைக்கலாம். எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் கவனம். பொங்கல் கழிந்த அந்த நாட்களில் நம் வீடுகளில் சிறுகிழங்கும் காய்ச்சிலும் சேனையும் மூலைக்கு மூலை கிடக்கும். காந்தள் கிழங்கைத் தோல் பார்த்துப் பிரித்தறிய எல்லாருக்கும் தெரியாது. ஆகவே அடுக்களைப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் போட்டு, "விஷக்கிழங்கு, தின்னக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, மண்வெட்டி வைக்கிற அறையில் உயரமாக வையுங்கள். யாருக்காவது நடக் கொடுத்தால் அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுங்கள், வீட்டில் இருக்கிற மற்றவர்களிடமும் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள்.